பட்டிமன்றத்தில் பேச வேண்டும், உதவுங்கள்: நாடுகளைச் சேர்த்து வைப்பது விளையாட்டுக் களமா, பேச்சுவார்த்தை மேசையா?

பள்ளத்தூரான்:

வணக்கம் எல்லோருக்கும். எங்கள் பக்கம் கோயில் திருவிழாவில் ஒரு நாள் பட்டிமன்றம் உண்டு. எப்போதும் கணவனா மனைவியா, பணமா குணமா என்றுதான் தலைப்பு வைப்பார்கள், கூட்டமும் அதற்குத்தான் வரும். இந்த வருஷம் இளைஞர் குழுப் பையன்கள் அடம்பிடித்து மேலே இருக்கும் தலைப்பை வாங்கிவிட்டார்கள். என்னைக் கேட்காமலே களம் அணியில் என் பெயரைப் போட்டு நோட்டீசும் அடித்தாகிவிட்டது.

எதிரணித் தலைவர் ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார். காரைக்குடிப் பக்க மேடைகளில் அவர் பேசிக் கேட்டவர்களுக்குத் தெரியும், வருஷமும் தேதியும் நாக்கு நுனியில் இருக்கும். நாம் ஒன்று சொன்னால் "சரி, அதற்கு அடுத்த மாதம் என்ன நடந்தது?" என்று கேட்டே உட்கார வைத்துவிடுவார். கம்பன் விழா கேட்டு வளர்ந்த கூட்டம் வேறு, வெறும் கைதட்டல் வசனத்துக்கு மயங்காது.

இப்போதைக்கு என்னிடம் இருப்பவை மூன்றுதான். 1971-ல் ஜப்பானின் நகோயாவில் உலக டேபிள் டென்னிஸ் போட்டி நடந்தபோது அமெரிக்க வீரர் கிளென் கோவன் சீன அணியின் பேருந்தில் ஏறிவிட, சுவாங் சதோங் அவருக்குப் பட்டில் நெய்த மலைப் படம் ஒன்றைப் பரிசளித்தார், சில நாளில் அமெரிக்க அணி சீனாவுக்கே போனது, அடுத்த வருஷம் நிக்சனும் போனார். இரண்டாவது, 1995 ரக்பி உலகக் கோப்பையில் மண்டேலா தென்னாப்பிரிக்க அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு கோப்பையைக் கொடுத்தது. மூன்றாவது நம்ம சேப்பாக்கம், 1999 ஜனவரி: சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் பாகிஸ்தான் ஜெயித்தது, மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று அவர்களுக்குக் கைதட்டியது.

இதைத் தாண்டி என்ன சொல்லலாம்? "விளையாட்டு இதயங்களை இணைக்கும்" மாதிரி வாழ்த்து அட்டை வாசகம் வேண்டாம். அரசியல்வாதிகள் விளையாட்டிடமிருந்து உண்மையிலேயே கற்றுக்கொள்ளக்கூடியது ஏதாவது இருக்கிறதா, அதைத்தான் தேடுகிறேன்.


தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், வாத்தியார் கேட்கப் போவதை நானே முதலில் கேட்டுவிடுகிறேன். உங்கள் மூன்றும் நிற்காது.

சேப்பாக்கம் ஜனவரி 31. பிப்ரவரியில் வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போனார், நல்லது. மே மாதம் கார்கில். அடுத்தது.

டேபிள் டென்னிஸ் கதை அழகான கதைதான். ஆனால் 1969-லேயே சீனாவும் சோவியத்தும் உசூரி ஆற்றங்கரையில் சுட்டுக்கொண்டாயிற்று, மாவோவுக்கு அமெரிக்காவின் தயவு தேவைப்பட்டது, நிக்சனுக்கு வியட்நாமிலிருந்து வெளியே வர வழி தேவைப்பட்டது, இரண்டு பேரும் பாகிஸ்தான் வழியாக ரகசியமாகத் தூது விட்டுக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறக்க முடிவு செய்த பிறகு யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்றபோது பந்தாட்டக்காரர்கள் அகப்பட்டார்கள். அந்த அமெரிக்க அணியைச் சீனாவுக்கு அழைக்க அனுமதித்ததே மாவோதான்.

மண்டேலா சமாச்சாரம் உங்களுக்கு எதிராகவே திரும்பும். 1990-ல் விடுதலை, அதற்கப்புறம் வருஷக்கணக்கில் மேசையில் உட்கார்ந்து சண்டை, சமரசம், இடைக்கால அரசியல் சட்டம், 1994 ஏப்ரலில் தேர்தல். எல்லாம் முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் அந்த ஆட்டம். மேசை சமைத்த சோற்றைக் களம் பரிமாறியது, அவ்வளவுதான். அந்த அணியிலும் வெள்ளையர் அல்லாத ஒரே வீரர் செஸ்டர் வில்லியம்ஸ்.

இன்றைய நிலவரத்தையும் பாருங்கள். 2025 ஆசியக் கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும் கைகூடக் குலுக்கவில்லை, ஜெயித்த நம்ம அணி, கோப்பை கொடுக்க நின்றவர் பாகிஸ்தான் அமைச்சர் என்பதால் அவர் கையால் வாங்காமலே வந்துவிட்டது. அரசியல் சரியாக இருந்தால் விளையாட்டு சரியாக இருக்கும். தலைகீழாக நடந்து நான் பார்த்ததில்லை.


ஆத்தங்குடி மருமகள்:

ரஸ்தா அண்ணன் சொன்னதில் பாதி சரி. இரண்டு நாடு எதிரெதிரே ஆடுவதை வைத்துப் பேசினால் அப்படித்தான் மாட்டிக்கொள்வோம். ஒரே அணியாக ஆடுகிற நாடுகளை எடுங்கள். அதாவது வெஸ்ட் இண்டீஸ்.

நம்மில் பாதிப் பேருக்கு அது ஒரு நாடு என்றே நினைப்பு. அப்படி ஒரு நாடு கிடையாது. ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட், ஆன்டிகுவா, தென் அமெரிக்கக் கரையில் இருக்கும் கயானா என்று தனித்தனிக் கொடி, தனித்தனிப் பிரதமர், பல இடங்களில் தனித்தனிப் பணம். ஒலிம்பிக்கில் தனித்தனியாகத்தான் ஓடுவார்கள், உசைன் போல்ட் ஜமைக்காவுக்குத்தான் ஓடினார். கிரிக்கெட்டுக்கு மட்டும் ஒரே அணி. அந்த அணிக்கு எந்த நாட்டின் கொடியும் கிடையாது, தென்னை மரமும் மூன்று ஸ்டம்பும் போட்ட வாரியக் கொடிதான்.

இதில் பட்டிமன்றத்துக்கு என்ன இருக்கிறது என்றால், அவர்கள் ஒரே நாடாகவும் சேர்ந்து பார்த்தார்கள். 1958 ஜனவரியில் பத்துத் தீவுப் பகுதிகள் சேர்ந்து வெஸ்ட் இண்டீஸ் கூட்டாட்சி என்று ஆரம்பித்தன. மூன்றே வருஷத்தில் ஜமைக்கா மக்கள் வாக்கெடுப்பு வைத்து வெளியேற முடிவு செய்தார்கள் (1961 செப்டம்பர்). பத்தில் ஒன்று போனால் மிச்சம் ஒன்பது இல்லை, பூஜ்யம்தான் என்று டிரினிடாட்டின் எரிக் வில்லியம்ஸும் கழன்றுகொண்டார். 1962 மே மாதம் கடையைச் சாத்தியாகிவிட்டது.

கூட்டாட்சி இப்படி முட்டிக்கொண்டிருந்த அதே சமயத்தில்தான், 1960-61 ஆஸ்திரேலியத் தொடரில் ஃபிராங்க் வொரல் கேப்டன். ஒரு தொடர் முழுவதும் அந்த அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பர் அவர். பிரிஸ்பேனில் டெஸ்ட் வரலாற்றிலேயே முதல் 'டை' ஆட்டம் ஆடினார்கள். (நம்ம நாரி காண்ட்ராக்டர் 1962-ல் பார்படோஸில் தலையில் அடிபட்டுக் கிடந்தபோது ரத்தம் கொடுத்தாரே, அதே வொரல்தான்.) அப்புறம் 1975, 1979 என்று இரண்டு உலகக் கோப்பை. இரண்டிலும் கேப்டன் கிளைவ் லாய்டு, கயானாக்காரர். அந்தக் கயானா கூட்டாட்சியில் சேரவே இல்லை! நாடாகச் சேர மாட்டேன் என்ற ஊர்க்காரர் கேப்டனாக இருந்து கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

ஏன் அணி பிழைத்தது, கூட்டாட்சி செத்தது? எனக்குப் புரிந்தவரை, கூட்டாட்சி எல்லாவற்றையும் கேட்டது. வரி யார் போடுவது, சுங்கம் யாருக்கு, ஒரு தீவுக்காரன் இன்னொரு தீவில் போய் வேலை பார்க்கலாமா, தலைநகர் எங்கே, பெரிய தீவுக்கு எத்தனை இடம். அணி கேட்டது பதினொரு பேர். பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் வளவு வீட்டை வைத்துச் சொன்னால் நம்ம ஊர்க் கூட்டத்துக்குச் சட்டென்று விளங்கும். படைப்புக்கு (முன்னோருக்குப் படையல் போடும் வழிபாடு) பங்காளி அத்தனை பேரும் சென்னை, சிங்கப்பூரிலிருந்துகூட வந்து நின்றுவிடுகிறார்கள், புள்ளிக்கு, அதாவது கல்யாணமான குடும்பத்துக்கு, இவ்வளவு என்று போட்டால் மறு பேச்சில்லாமல் கட்டுகிறார்கள். அதே பங்காளிகளிடம் வளவின் ஓட்டை மாற்றலாமா, வீட்டை என்ன செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் அப்பச்சி காலத்தில் ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லை, மழைக்கு வாளி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆக அரசியலுக்குப் பாடம் என்று நான் எடுப்பது: முதலில் சின்னதாக, எல்லை கட்டிய ஒரு காரியத்தில் சேருங்கள். எல்லாவற்றிலும் சேர்கிறோம் என்று ஆரம்பித்தால் எதிலும் சேர மாட்டோம்.

ஒரு எச்சரிக்கை. 2014-ல் இதே அணி சம்பளத் தகராறில் இந்தியச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு தர்மசாலாவிலிருந்து வீட்டுக்குப் போனது. 2023 ஒருநாள் உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. வாத்தியார் அதைக் கேட்பார், தயாராக இருங்கள்.


பள்ளத்தூரான்:

ஆச்சி, அந்தப் படைப்பு உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், முன் வரிசையில் பாதிப் பேர் பங்காளித் தகராறில் இருக்கிறவர்கள்தான், சிரிப்பார்களா முறைப்பார்களா தெரியவில்லை.

ஒரு சந்தேகம். அந்தத் தீவுகளின் அரசியல்வாதிகள் கிரிக்கெட்டைப் பார்த்து எப்போதாவது ஒன்றாக முடிவு எடுத்திருக்கிறார்களா? இல்லை அணி அணியாகவும் அரசியல் அரசியலாகவும் தனித்தனியே ஓடியதா?


ஆத்தங்குடி மருமகள்:

எடுத்திருக்கிறார்கள். 1981-ல் இங்கிலாந்து அணியில் ராபின் ஜாக்மன் என்று ஒருவர், நிறவெறி காலத்துத் தென்னாப்பிரிக்காவில் போய் ஆடியவர். கயானா அரசு அவருக்குக் கொடுத்த விசாவை ரத்து செய்தது, அங்கே நடக்க வேண்டிய டெஸ்ட்டே நின்று போனது. தொடர் மொத்தமும் கவிழும் நிலை. அப்போது மற்றத் தீவுகளின் அரசுகள் கூடிப் பேசி, எங்கள் ஊர்களில் ஆடலாம் என்று ஒரே குரலில் சொன்னார்கள், தொடர் நடந்து முடிந்தது. கயானா செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை, அந்தக் காலத்தில் நிறவெறிக்கு எதிராக யாராவது கறாராக நிற்கத்தான் வேண்டியிருந்தது. அணி ஒன்று இருந்ததால் அரசுகள் கூடிப் பேச வேண்டிய கட்டாயம் வந்தது, அதைத்தான் சொல்கிறேன். 1973-ல் கரிகோம் என்று பொருளாதாரக் கூட்டமைப்பு ஒன்றும் கொண்டு வந்தார்கள், இந்த முறை ஒரே நாடு என்ற பேச்சை எடுக்காமல்.


புதுவயல் அரவை மில்:

நான் சுருக்கமாகச் சொல்கிறேன், லோடு நிற்கிறது.

எல்லோரும் ஆட்டக்காரர்களையே பேசுகிறீர்கள். பாடம் இருப்பது அம்பயரிடம்.

1986 நவம்பர், லாகூர் டெஸ்ட், பாகிஸ்தானும் வெஸ்ட் இண்டீசும். உள்ளூர் அம்பயர் சொந்த நாட்டுக்குச் சாதகம் என்று அப்போதெல்லாம் எங்கு போனாலும் புகார். இம்ரான் கான் வெளிநாட்டு அம்பயர்தான் வேண்டும் என்றார். யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? இந்தியர்கள் இரண்டு பேரை. வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர். பாகிஸ்தான் மண்ணில், பாகிஸ்தான் ஆடுகிற ஆட்டத்துக்கு, இந்திய அம்பயர்கள். அந்த ஆட்டத்தில் பாகிஸ்தான் இன்னிங்ஸ் தோல்வி! அதற்குப் பிறகும் இம்ரான் பின்வாங்கவில்லை, 1989-ல் இந்தியா அங்கே போனபோது இங்கிலாந்து அம்பயர்களை வைத்து ஆடினார்கள். அப்புறம்தான் ஐசிசி மெதுவாக வழிக்கு வந்தது, 2002-லிருந்து டெஸ்ட்டில் இரண்டு பேரும் வெளி ஆட்கள்.

தோற்ற பிறகும் அம்பயரை ஏற்றுக்கொள்கிறானா, அதுதான் சோதனை.

இதே மாதிரி அரசியலில் ஒன்று இருக்கிறது, சிந்து நதி ஒப்பந்தம், 1960. ராவி, பியாஸ், சட்லஜ் நமக்கு, சிந்து, ஜீலம், செனாப் அவர்களுக்கு. சண்டை வந்தால் நடுநிலை நிபுணர், அதற்கும் மேலே நடுவர் மன்றம் என்று அப்போதே எழுதி வைத்தார்கள். செனாப்பில் நாம் கட்டிய பக்லிஹார் அணை தகராறில் நிபுணர் வந்து 2007-ல் தீர்ப்பு சொன்னார், இரண்டு நாடும் ஏற்றுக்கொண்டன. 1965 போர், 1971 போர், கார்கில், இத்தனையிலும் அந்த ஒப்பந்தம் நின்றது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகுதான் இந்தியா அதை நிறுத்தி வைத்தது.

வெளிநாடு எதற்கு, காவிரிக்கு வாருங்கள். வயலுக்கு நாம் கண்மாயையும் மழையையும் நம்புகிறவர்கள், இருந்தாலும் குடிநீராக நம்ம மாவட்டத்துக்கும் காவிரி வருகிறது, மில்லுக்கு வரும் நெல்லில் டெல்டா நெல்லும் உண்டு, அதனால் எனக்கு இதில் அக்கறை. 1990-ல் நடுவர் மன்றம் வைத்து 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று முடித்தது. அந்த வருஷம் ஏப்ரலில் சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டத்தின்போது காவிரிப் போராட்டத்தில் மைதானத்துக்குள் செருப்பு பறந்தது நினைவிருக்கும், மிச்ச ஆட்டங்களை புனேவுக்கே மாற்றினார்கள். ஜூன் 1 மேலாண்மை ஆணையம் வந்தது. இன்றைக்கும் இரு மாநில எல்லையில் பில்லிகுண்டுலுவில் தண்ணீரை அளப்பது தமிழ்நாடும் இல்லை, கர்நாடகாவும் இல்லை, மத்திய நீர் ஆணையம். சண்டை தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை, 2023-லும் அங்கே பந்த் நடந்தது. ஆனால் எவ்வளவு வந்தது என்பதில் சண்டை குறைவு, எவ்வளவு விட வேண்டும் என்பதில்தான் சண்டை. அளப்பதற்கு மூன்றாவது ஆள் இருந்தால் பாதிச் சண்டை குறையும் என்று எடை மேடை வைத்திருக்கிற எனக்கு நன்றாகவே தெரியும்.


தேவகோட்டை ரஸ்தா:

மில்காரர் சொன்னது நல்ல வாதம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மேசை அணிக்குச் சாதகமான வாதம் ஆயிற்றே! ஒப்பந்தம், நடுவர் மன்றம், நிபுணர் எல்லாம் மேசையில் உட்கார்ந்து எழுதியவை. சிந்து ஒப்பந்தம் போட்ட 1960-ல் நடுநிலை அம்பயர் என்ற பேச்சே கிரிக்கெட்டில் கிடையாது. யார் யாரிடம் கற்றுக்கொண்டார்கள்?


புதுவயல் அரவை மில்:

இரண்டு பக்கமும் ஒரே புத்திதான் வேலை செய்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகட்டும், யாருக்கு ராயல்டி என்பதா விஷயம்? சரி, லோடு ஏற்றிவிட்டு வருகிறேன்.


கண்டனூர் - இப்போ டப்ளின்:

அயர்லாந்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை என்பதால் நான். வந்த புதிதில் எனக்குக் குழப்பமாக இருந்த விஷயம், கால்பந்தில் வடக்கு அயர்லாந்து தனி, அயர்லாந்துக் குடியரசு தனி. ரக்பியில் தீவு முழுவதற்கும் ஒரே அணி. கிரிக்கெட்டிலும் அப்படியே. வடக்கு பிரிட்டனின் பகுதி, தெற்கு தனி நாடு, நடுவில் முப்பது வருஷம் குண்டும் துப்பாக்கியும். அந்த முப்பது வருஷமும் பெல்ஃபாஸ்ட் பக்கத்து புராட்டஸ்டண்ட் பையனும் தெற்குக் கத்தோலிக்கப் பையனும் ஒரே பச்சைச் சட்டையில் ஆடியிருக்கிறார்கள்.

இதை ரொம்ப இனிப்பாகச் சொல்ல வேண்டாம், எளிதாக நடக்கவில்லை. 1972-ல் வடக்கே டெர்ரியில் ராணுவம் மக்களைச் சுட்டது, டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகத்தை எரித்தார்கள், பயந்துபோய் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு ஆட வரவில்லை. அடுத்த வருஷம் இங்கிலாந்து வந்தது. அவர்கள் மேல்தான் எல்லோருக்கும் கோபம், அவர்கள்தான் வந்தார்கள். மைதானத்துக்குள் நுழைந்ததும் கூட்டம் எழுந்து நின்று நிமிஷக்கணக்கில் கைதட்டியது. ஆட்டத்தில் தோற்றார்கள், அன்று இரவு விருந்தில் அவர்களின் கேப்டன் ஜான் புல்லின், நாங்கள் பெரிய ஆட்டக்காரர்கள் இல்லை, ஆனால் வந்து சேர்கிறோம் அல்லவா என்கிற மாதிரி சொன்னதை இங்கே ரக்பி பார்க்கிற பெரியவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 1987-ல் இன்னும் மோசம். நீதிபதி ஒருவரைக் குறிவைத்து எல்லைச் சாலையில் ஐஆர்ஏ என்ற ஆயுதக் குழு வைத்த குண்டில், அந்தப் பக்கமாகப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த அயர்லாந்து வீரர்கள் மூன்று பேர் அகப்பட்டார்கள். நைஜல் கார் என்பவரின் ஆட்ட வாழ்க்கையே அதோடு முடிந்தது. அணி கலையவில்லை.

எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் ரசமான பகுதி. தேசிய கீதம் பெரிய தலைவலி. தெற்கின் கீதத்தை வடக்கத்தியர் பாட மாட்டார்கள், பிரிட்டிஷ் கீதத்தைத் தெற்கத்தியர் கேட்கவே மாட்டார்கள். 1995 உலகக் கோப்பைக்கென்று புதிதாக ஒரு பாட்டு எழுத வைத்தார்கள். டப்ளினில் ஆடினால் நாட்டுக் கீதமும் அந்தப் பாட்டும், வெளியூரில் ஆடினால் அந்தப் பாட்டு மட்டும். பாட்டு அவ்வளவு பிரமாதம் இல்லை என்று இருபக்கத்தாரும் சேர்ந்தே திட்டுவார்கள், அதிலாவது ஒற்றுமை. ஒருவர் மனதையும் மாற்றச் சொல்லவில்லை பாருங்கள், நீ எந்த ராஜாவை வேண்டுமானாலும் கும்பிடு, எண்பது நிமிஷம் ஆடு என்பதுதான் ஏற்பாடு.

1998 பெல்ஃபாஸ்ட் உடன்பாட்டிலும் இதே வாசனை அடிக்கும். வடக்கு யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வியைப் பெரும்பான்மை மக்கள் விரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். வடக்கும் தெற்கும் சேர்ந்து நடத்த ஆறு அமைப்புகள் மட்டும் போட்டார்கள். எதற்கு? உணவுப் பாதுகாப்பு, படகு போகும் நீர்வழிகள், வணிகம், மொழி, ஐரோப்பிய நிதி, அப்புறம் எல்லையில் இருக்கும் கடற்கழிகளும் தீவின் கலங்கரை விளக்கங்களும். யாருக்கும் ரத்தம் கொதிக்காத காரியங்கள். ஆச்சி சொன்ன 'எல்லை கட்டிய காரியம்' அப்படியே இங்கே எழுத்தில் இருக்கிறது. ரக்பியைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு காரியம் நடத்த முடியும் என்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் டிவியில் கண்ணால் பார்த்த சாட்சிகளில் அதுவும் ஒன்று.


தேவகோட்டை ரஸ்தா:

டப்ளின் தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. மேலிருந்து திணித்தால் என்ன ஆகிறது என்று கொரியாவைப் பாருங்கள். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கிக்கு வடக்கும் தெற்கும் ஒரே அணி என்று தொடக்க விழாவுக்கு மூன்று வாரம் முன்னால் முடிவு செய்தார்கள். 23 தென்கொரியப் பெண்களோடு வடக்கிலிருந்து 12 பேர், ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது மூன்று வடகொரியர் களத்தில் இருக்க வேண்டும் என்று ஒதுக்கீடு. வருஷக்கணக்கில் உழைத்த பெண்கள் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று, தெற்கில் இளைஞர்களுக்கே கோபம். சுவிட்சர்லாந்திடம் 8-0, ஸ்வீடனிடம் 8-0. ஏப்ரலில் இரண்டு தலைவர்களும் எல்லைக்கோட்டில் கைகோத்துப் போட்டோ எடுத்தார்கள். 2020 ஜூனில் கேசோங்கில் இருந்த கூட்டுத் தொடர்பு அலுவலகத்தை வடக்கு வெடிவைத்தே தகர்த்துவிட்டது. அணி போட்டோவுக்குப் பயன்பட்டது, வேறெதற்கும் இல்லை.

நம்ம கடல் பக்கமும் அதே கதைதான். எனக்குத் தொண்டிப் பக்கம் உறவு உண்டு, ஜெகதாப்பட்டினத்திலும் ஆட்கள் தெரியும். 2013-ல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஐபிஎல் ஆடக் கூடாது என்றோம், ஆடவில்லை. அப்புறம் பதிரானா சென்னை அணிக்கு யார்க்கர் போட்டபோது அதே சேப்பாக்கம் விசில் அடித்தது. முரளிதரனுக்கும் அடித்தது. அதனால் இலங்கை பிடித்து வைத்த ஒரு மீன்பிடிப் படகாவது திரும்பி வந்ததா? அங்கே பிடிபடுகிற நம்ம ஆளும் தமிழன், வலை அறுந்து நிற்கிற யாழ்ப்பாணம், மன்னார்க்காரனும் தமிழன். அவன் கேட்பது, விசைப்படகின் இழுவை மடியை (கடலடியை வாரி இழுக்கும் வலை) நிறுத்து என்பதைத்தான், 2017-ல் அவர்கள் சட்டமே போட்டுவிட்டார்கள். நம்ம ஆள் கேட்பது, கடனில் வாங்கின படகை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது என்பது. 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும் இரு பக்க மீனவர்களும் நேரில் பேசினார்கள், 2016-ல் இரு அரசுகளும் கூட்டுக் குழு போட்டன. இன்னும் கைது, இன்னும் ஏலம். இதற்கு எந்த அணியைக் கொண்டுவந்து நிறுத்துவீர்கள்?


ஆத்தங்குடி மருமகள்:

அண்ணே, விசில் அடிப்பதால் ஒன்றும் நடக்காது என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் 1996-ஐ விட்டுவிட்டீர்களே. உலகக் கோப்பையை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் சேர்ந்து நடத்தின, அதற்கென்று கூட்டுக் குழு இருந்தது. ஜனவரி 31 கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது, ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீசும் (ஆமாம், என்னுடைய வெஸ்ட் இண்டீஸ்தான்) கொழும்புக்கு வர மாட்டோம் என்றன. போட்டி தொடங்குவதற்கு முதல் நாள், பிப்ரவரி 13, இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகக் கொழும்பில் போய் இலங்கையோடு ஆடின. கேப்டன் அசாருதீன். ஸ்கோர் அட்டையில் இலங்கையின் கலுவிதாரண அவுட் ஆன வரி, கேட்ச் டெண்டுல்கர், பந்துவீச்சு வசிம் அக்ரம். அப்படி ஒரு வரி வேறெங்கே கிடைக்கும்? பாதுகாப்பாக ஆடலாம் என்று காட்ட அறிக்கை விடவில்லை, ஆட்களை அனுப்பினார்கள். கூட்டாக நடத்துகிற பொறுப்பு மூன்று வாரியங்களுக்கும் இருந்தது, போட்டி கெட்டால் மூன்று பேருக்கும் நஷ்டம், அதனால் அனுப்பினார்கள்.

கடல் விஷயத்திலும் அந்த மாதிரி கூட்டு லாபநஷ்டம் ஒன்று இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். இன்றைக்கு மீன் வளம் அழிந்தால் அங்கே இருப்பவனுக்கு நஷ்டம், கைதானால் இங்கே இருப்பவனுக்கு நஷ்டம், இரண்டும் ஒரே கணக்கில் வரவே இல்லை.


பள்ளத்தூரான்:

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. பத்து நிமிஷம்தான் தருவார்கள், அதற்குள் மணி அடித்துவிடுவார் நடுவர், எனவே மண்டேலாவையும் டேபிள் டென்னிசையும் நானே கழற்றிவிடுகிறேன். வெஸ்ட் இண்டீஸ், லாகூர் அம்பயர், அயர்லாந்துப் பாட்டு, கொழும்பு 1996. களமா மேசையா என்றால் களமும் ஒரு மேசைதான், அங்கே விதியை முதலில் எழுதிவிட்டு அப்புறம் சண்டை போடுகிறார்கள், அரசியலில் சண்டை போட்டுக்கொண்டே விதியை எழுதுகிறார்கள் என்று ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். கொரியாவை வாத்தியார் எடுத்தால், அது ஆட்டக்காரர்களைக் கேட்காமல் மேசையிலிருந்து போட்ட அணி, ஆகவே அந்தப் பழி உங்கள் பக்கத்துக்குத்தான் என்று திருப்பிவிடலாமா?


தேவகோட்டை ரஸ்தா:

திருப்பலாம். ஆனால் காவிரியை எடுக்காதீர்கள், எடுத்தால் பட்டிமன்றம் அதோடு கட்சிக் கூட்டம் ஆகிவிடும், நடுவர் கையில் இருக்காது.

டப்ளின் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்தக் கலங்கரை விளக்கங்களுக்குச் செலவு யார் தருகிறார்கள்? பணம் என்று வந்தால் அங்கேயும் பங்காளிச் சண்டை வந்திருக்க வேண்டுமே.


கண்டனூர் - இப்போ டப்ளின்:

பெரும்பகுதி கப்பல்கள் துறைமுகத்தில் கட்டுகிற விளக்குக் கட்டணம்தான் அண்ணே. தெற்கு ஏன் தன் பக்கத்து விளக்குகளின் முழுச் செலவையும் ஏற்கவில்லை என்று பிரிட்டன் பக்கம் முணுமுணுப்பு ரொம்ப காலம் இருந்தது, சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் நாடு 1920-களில் இரண்டானபோதுகூட விளக்குகளைப் பார்க்கிற வாரியத்தை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. தீவைச் சுற்றி இருக்கிற விளக்கு எல்லாவற்றையும் இன்றைக்கும் டப்ளின் பக்கத்தில் ஒரே அலுவலகத்திலிருந்துதான் பார்க்கிறார்கள்.